பரணில் கிடந்த பேஸ் கிட்டாரும் மூன்று வாரச் சென்னைப் பயணமும்

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வசிக்கும் நான், கடந்த மார்கழியில் மூன்று வார விடுப்பில் சென்னைக்குச் சென்றிருந்தேன். மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா தாம்பரத்தில் அக்காவுடன் குடியேறவிருந்ததால், பரணில் 11 ஆண்டுகளாகக் கிடந்த என் பழைய பேஸ் கிட்டாரை (தாழ்ந்த ஒலி தரும் நான்கு கம்பிக் கிட்டார்) என்ன செய்வது என்பதை அந்த மூன்று வாரங்களுக்குள் முடிவு செய்தாக வேண்டியிருந்தது. டொராண்டோவில் நான் குடியிருக்கும் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஏற்கெனவே ஒரு பேஸ் இருக்கிறது. இன்னொன்றுக்கு அங்கே இடமில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்காமல் எதையும் கொடுத்துவிட மனம் வரவில்லை என்பதால், அங்கிருந்ததையும் கெட்டியான பெட்டியில் வைத்துக் கையோடு கொண்டு சென்றேன்.

பழையது ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் வகையின் மலிவான நகல். கல்லூரி நாட்களில் இரண்டாம் கையாக வாங்கியது. புதியது அந்நிறுவனத்தின் ஜாஸ் வகையில், ஸ்குவையர் என்ற அதன் மலிவு விலைப் பெயரில் வந்தது. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷனை வெளியிட்டார்; அவருடைய நிறுவனம் 1960இல் ஜாஸை வெளியிட்டது. இரண்டிலும் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம்தான். ஆனால் ஜாஸின் நெக் (விரல்கள் அழுத்தும் நீண்ட கழுத்து) தலைப்பக்கத்தில் சுமார் 38 மில்லிமீட்டருக்கு ஒடுங்கியிருக்கும்; என் பிரிசிஷனில் அது 42 மில்லிமீட்டர். ஜாஸில், கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்புகள் இரண்டும் மூன்று திருகுக் குமிழ்களும் உண்டு. பிரிசிஷனில் இரண்டாகப் பிளந்த ஒரே பிக்கப்பும் இரண்டு குமிழ்களும்தான். டொராண்டோவை விட்டுக் கிளம்பும்போது ஜாஸையே வைத்துக்கொள்வேன் என்று ஏறக்குறைய உறுதியாக இருந்தேன்.

பழையதை முதலில் வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கிருந்தவர் கிட்டாரைத் தூக்கி நெக்கை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "நெக் முறுக்கிக்கிச்சு சார், இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்" என்று சொல்லி, சுவரில் தொங்கிய புதிய கிட்டார்களின் பக்கம் திரும்பிவிட்டார். சுருதி பார்க்கும் ட்யூனரை எடுக்கவில்லை, நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் ஒன்றைக்கூட அழுத்திப் பார்க்கவில்லை. அவர் சொன்னதை நம்பி அன்று மாலையே அதைக் கழித்துக்கட்ட இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. விடுப்பில் ஊருக்கு வருகிறவர்களுக்கு நேரம் குறைவு; அந்த அவசரத்தில் ஒருவர் சொன்னதோடு திருப்திப்பட்டு முடிவெடுத்துவிடுகிறோம்.

நண்பர் ஒருவர் சொல்லி, அண்ணா சாலைக்குப் பின்புறச் சந்தில் மாடியறை ஒன்றில் கிட்டார் பழுது பார்க்கும் பெரியவரிடம் மறுநாள் போனேன். அவர் முதலில் தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தச் சொன்னார். நடுவில், ஏழாம் எட்டாம் ஃப்ரெட்டுகளுக்கு மேலே, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். என் கிட்டாரில் ஒரு ரூபாய் நாணயமே நுழைந்தது. "முறுக்கல் இல்ல தம்பி, வளைஞ்சிருக்கு. கம்பியைத் தளர்த்தாமயே மேல போட்டுட்டீங்க" என்றார். நான்கு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையுடன் நெக்கை இழுக்கின்றன. அந்த இழுப்பைத் தாங்குவதற்காகவே நெக்கினுள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. அதை ஆலன் சாவியால் (அறுகோணத் திருகுசாவி) கால் சுற்று முறுக்கி, இரவு முழுவதும் அப்படியே விட்டு, மறுநாள் மீண்டும் கால் சுற்று என நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டார். மரம் இணங்கி வர அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய வழக்கம். உடலில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜில், கம்பியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகுகள் கடற்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தன. எண்ணெயில் ஊறியும் அசையாத இரண்டை மாற்றினார். புதிய கம்பிகளை, 1842 முதல் சென்னையில் இயங்கிவரும் மியூசி மியூசிக்கல் இசைக்கருவிக் கடையில் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கிட்டார்களையும் சீர்செய்ய அவர் பெற்றுக்கொண்டது 2,400 ரூபாய். டொராண்டோவில் ஒன்றுக்கே நான் கொடுத்திருந்த 90 டாலரில் இது பாதிக்கும் குறைவு. அதைவிட முக்கியமாக, ஆலன் சாவியை என் கையில் கொடுத்து ஒருமுறை என்னையே திருகவைத்தார்.

கோடம்பாக்கத்தில் மணிக்கு 400 ரூபாய் வாடகைக்கு ஒத்திகை அறை கிடைத்தது. பேஸ் வாசிக்கும் ஆசிரியர் ஒருவரையும் இரண்டு வகுப்புகளுக்கு அமர்த்திக்கொண்டேன். இளையராஜாவின் இசையில் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டே இக்கருவியின் மீது ஆசை கொண்டவன் நான் என்பதால், கோடம்பாக்கத்தில் அதைக் கையில் வைத்திருப்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பிரிசிஷனின் முதல் நான்கு ஃப்ரெட்டுகளை என் விரல்களால் எட்ட முடிவதில்லை என்று முறையிட்டபோது, மாஸ்டர் அளவுகோலை எடுத்து முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை அளந்து காட்டினார்: 13 சென்டிமீட்டர். ஜாஸிலும் அதே 13தான். நெக் ஒடுங்கியிருப்பதால் ஜாஸ் எளிது என்று நான் நினைத்திருந்தது பாதிதான் உண்மை. கீழ் ஃப்ரெட்டுகளில் விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று விரிக்காமல், ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து என மூன்று ஃப்ரெட் அளவிலேயே கையை வைத்து, தேவைப்படும்போது கையையே நகர்த்தப் பழக்கினார். அந்த ஒரு மாற்றத்தில் மணிக்கட்டு வலி விட்டுப்போனது.

வீட்டில் வாசித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பழைய டியூப் லைட் எரியும்போது, ஜாஸில் ஒரு பிக்கப்பைக் குறைத்தால் உடனே 'உம்'மென்ற இரைச்சல் கிளம்பியது. இரண்டையும் சமமாக வைத்தால் அடங்கியது. பிரிசிஷனின் பிளந்த பிக்கப்பில் இரு பாதிகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் அந்த இரைச்சல் தானே நீங்கிவிடுகிறது. ஜாஸின் மேல் ஃப்ரெட்டுகளில், பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பிக்கப்பிலிருந்து எழும் கூர்மையான உறுமலைப் பிரிசிஷனில் எவ்வளவு முயன்றாலும் பெற முடியாது. அதை இழப்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஆயினும் பிரிசிஷனையே வைத்துக்கொண்டேன். என் தடித்த விரல்கள் அகலமான நெக்கில் பக்கத்துக் கம்பியைத் தொடுவதில்லை. குமிழ்களைத் திருகிக்கொண்டிராமல் ஒரே தொனியில் 40 நிமிடம் பயிற்சி செய்தேன்; ஜாஸோடு அப்படி உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. பழையது 4.5 கிலோ, மற்றதைவிட அரைக் கிலோ கூடுதல் என்பதால் அகலமான தோள்வார் ஒன்றை வாங்கிக்கொண்டேன். அக்கா மகனுக்குப் பதினைந்து வயது, நீண்ட விரல்கள். ஜாஸை அவனிடம் கொடுத்து, கால் சுற்றுக் கணக்கையும் சொல்லிக்கொடுத்தேன்.

கம்பிகளைப் பாதி தளர்த்தி, தலைப்பகுதியைச் சுற்றிலும் துண்டுகளைத் திணித்து, பிரிசிஷனை அதே பெட்டியில் கொண்டுவந்து சேர்த்தேன். பிப்ரவரியில் என் வீட்டின் ஈரப்பதம் 28 சதவீதத்துக்கு இறங்கியபோது, முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பி கரகரத்தது. தடித்த கம்பியை இரண்டு இடங்களில் அழுத்திப் பார்த்தேன். விசிட்டிங் கார்டு நுழையவில்லை. ஆலன் சாவியால் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, மறுநாள் காலை மீண்டும் பார்த்தபோது கார்டு நுழைந்தது.