முதலில் எதைக் கேட்பது: சபாத்தா, மெய்டனா, மெட்டாலிகாவா?

அக்கா பையனுக்குப் பதினாறு வயது. 2025 ஜூலை 22 அன்று பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்த செய்தியோடு வந்த ஏதோ ஒரு வீடியோவில்தான் அவருடைய பேண்டான பிளாக் சபாத்தை முதன்முதலாகக் கேட்டிருக்கிறான். அடுத்த ஞாயிறு காலை, வாங்கி நாலு மாதமே ஆன கிடாரைத் தூக்கிக்கொண்டு பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிட்டான். "மாமா, ஹெவி மெட்டல் மியூசிக்ல எந்த பேண்டோட ஃபர்ஸ்ட் ஆல்பத்துல இருந்து ஆரம்பிக்கணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

ஒன்றே ஒன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று ஆல்பங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. 1970இல் வந்த பிளாக் சபாத், 1980இல் வந்த அயர்ன் மெய்டன், 1983இல் வந்த மெட்டாலிகாவின் 'கில் எம் ஆல்'. முதல் இரண்டுக்கும் பேண்டின் பெயரேதான் ஆல்பத்தின் பெயர். அன்று முழுக்க மூன்றையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம்.

எனக்கு நெருக்கமானது மெய்டன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2007 மார்ச் 17 அன்று அவர்கள் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோது கூட்டத்தில் நானும் இருந்தேன். மறுநாள் குரலே இல்லை. ஆனால் அன்று பாடிய புரூஸ் டிக்கின்சன் இந்த முதல் ஆல்பத்தில் கிடையாது. இதில் பாடியவர் பால் டியானோ. டிக்கின்சன் மேலே ஏறிப் பறப்பார். டியானோ தெருமுனையில் நின்று கூப்பிடுவது போலப் பாடுவார். அந்தக் கரடுமுரடுதான் இந்த ஆல்பத்தின் அழகு. எட்டுப் பாட்டு, ஒன்றுகூட வீண் இல்லை. 'பாண்டம் ஆஃப் தி ஓபரா' ஏழு நிமிடத்துக்கு மேல் போகிறது, இடையில் நாலைந்து தடவை நடை மாறுகிறது, எங்கேயும் தொய்வு இல்லை. இருபது சொச்சம் வயதில் ஒருவர் இதை எழுதினார் என்பதை இன்றும் என்னால் எளிதில் நம்ப முடியவில்லை.

எழுதியவர் ஸ்டீவ் ஹாரிஸ். பேஸ் கிடார்காரர். தமிழ்க் காதுக்கு மெய்டன் சட்டென்று பிடிபட இவர்தான் காரணம் என்பது என் கணிப்பு. இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு பேஸ் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போவது புதிதில்லை. பாட்டை விட்டுவிட்டு அதையே பிடித்துக்கொண்டு போன பழக்கம் நமக்கு உண்டு. ஹாரிஸின் விரல்கள் குதிரை ஓட்டத்தில் போகும்போது அதே பழக்கம் கைகொடுக்கிறது. மேலே இரண்டு கிடார்கள்: டேவ் மர்ரி, டென்னிஸ் ஸ்ட்ராட்டன். ஒருவர் மெட்டை வாசிக்க, இன்னொருவர் அதே மெட்டை மூன்றாவது ஸ்வரத்தில் வைத்துக் கூடவே வருவார்.

குறை ஒலிப்பதிவில். பாட்டில் இருக்கும் வேகம் ஸ்பீக்கரில் முழுசாக இறங்குவதில்லை. டிரம்ஸ் அடுத்த அறையில் வாசிப்பது போல இருக்கும். ஹாரிஸே பல பேட்டிகளில் இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். 1981இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு மார்ட்டின் பர்ச் தயாரிப்பாளராக வந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது. அப்படி இருந்தும் முதல் ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது.

மெட்டாலிகாவின் கதை வேறு. 1983 ஏப்ரலில் கிடார்காரர் டேவ் மஸ்டேனை நீக்கிவிட்டு, எக்ஸோடஸ் பேண்டிலிருந்து கிர்க் ஹாமெட்டைக் கூட்டி வருகிறார்கள். மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் ஒலிப்பதிவு. ஜூலை 25 அன்று ஆல்பம் வெளியாகிறது. வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஆள், நாலு பாட்டின் ஆக்கத்தில் போனவர் பெயரும் இருக்கிறது, கையில் காசு கிடையாது. இவ்வளவு நெருக்கடியும் பாட்டில் கேட்கிறது. நிதானிக்க நேரமில்லாதவர்களின் வேகம் அது. மெய்டனைக் கேட்டு வளர்ந்த பையன்கள், பங்க் இசையின் அவசரத்தையும் சேர்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்தார்கள்.

இந்த ஆல்பத்தின் உயிர் பாடிக்கொண்டே கிடாரும் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது மணிக்கட்டில் இருக்கிறது. தந்தியை மீட்டும் சின்னத் தகடான பிக்கை மேலும் கீழுமாக அடித்தால் பாதி வேலை மிச்சம். அவர் பெரும்பாலும் கீழ்நோக்கியே அடிக்கிறார், அந்த வேகத்திலும். அதனால்தான் ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழுகிறது. அக்கா பையன் பத்து நிமிடம் முயன்று பார்த்துவிட்டுக் கையை உதறினான். ஐந்தாவது தடமாக கிளிஃப் பர்டனின் தனி பேஸ் வாசிப்பு வருகிறது. ஒலியை வளைக்கும் வா பெடலும் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனும் போட்டு வாசிப்பதால் அது கிடார் என்றே முதலில் நினைத்தான். பேஸ் என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்தான். ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாலு நிமிடம் அது. மூன்றே வருடத்தில், 1986இல், ஸ்வீடனில் நடந்த பஸ் விபத்தில் பர்டன் போய்விட்டார். அந்தத் தடத்தைக் கேட்கும்போதெல்லாம் இன்னும் மனசு கனக்கிறது.

ஹெட்ஃபீல்டின் குரல் மட்டும் இன்னும் பழுக்கவில்லை. எழுதிய வரிகளும் அப்படித்தான்: அடி, உதை, நாங்கள் மெட்டல் சேனை, அவ்வளவே. பெங்களூருக்கு அவர்கள் வந்த 2011 அக்டோபர் 30ஆம் தேதி நான் ஊரில் இல்லை. அந்த வருத்தம் என் தீர்ப்பைப் பாதித்திருக்கலாம்.

இனி சபாத். 1969 அக்டோபர் 16, லண்டனில் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோ. நாலு பேரும் ஒன்றாக நின்று, கிளப்பில் வாசிப்பது போலவே வாசித்து, ஒரே நாளில் ஒலிப்பதிவை முடித்துவிட்டார்கள். வெளியானது 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. தொடக்கத்தில் மழைச் சத்தம், தேவாலய மணி, இடி. பிறகு மூன்றே ஸ்வரம்.

அந்த மூன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசை. கீழே ஒரு ச, மேலே ஒரு ச, அங்கிருந்து இறங்கி பிரதி மத்தியமம், அதாவது ம2. ம2வில் நின்று அதை நடுங்கவிடுகிறார் கிடார்காரர் டோனி அயோமி. சவுக்கமாக, அவசரமே இல்லாமல். ச-வுக்கும் ம2வுக்கும் நடுவே உள்ள இந்தத் தூரத்தை ஐரோப்பாவில் இசையில் உள்ள சாத்தான் என்று சொன்னார்கள். நமக்கோ அதே ம2 கல்யாணியின் உயிர். கல்யாண வீட்டில் நாகஸ்வரத்தில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! அப்படியானால் நமக்கு ஏன் இது பயமாக இருக்கிறது? என் பதில் இது. கல்யாணியில் ம2 தனியாக நிற்பதில்லை. அந்தப் பக்கம் காந்தாரம், இந்தப் பக்கம் பஞ்சமம் என்று கூடவே ஆள் இருக்கும். அயோமி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அதை மட்டும் இருட்டில் நிற்க வைக்கிறார். வீட்டில் சங்கீதம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மெட்டல் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

அயோமியின் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பர்மிங்காமில் தகடு வேலை செய்யும் ஃபாக்டரி, பதினேழு வயது, வேலையை விடப்போகும் கடைசி நாள். மெஷினில் வலது கை மாட்டி நடுவிரலிலும் மோதிர விரலிலும் நுனிகள் போயின. அவர் இடதுகைக்காரர், தந்தியை அழுத்துவது வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். அழுத்த வலிக்காமல் இருக்க மெல்லிய தந்திகளாகப் பார்த்து மாட்டினார்.

எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை. அப்பா இருபத்து இரண்டு வருடம் பீன்யா தொழிற்பேட்டையில், தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். வலது ஆள்காட்டி விரலில் பாதி நகத்தோடு சரி.

சபாத் ஆல்பத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. 'ஈவில் உமன்' வேறொரு பேண்டின் பாட்டு, இந்த இருட்டுக்குள் அது ஒட்டவில்லை. கடைசியில் வரும் 'வார்னிங்'கும் இரவல் சரக்குதான். பத்து நிமிடம் தாண்டியும் கிடார் எங்கெங்கோ அலைகிறது. முழு ஆல்பமாக, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை எடைபோட்டால் மெய்டன்தான் ஜெயிக்கிறது. வேகமும் துணிச்சலும் வேண்டுமென்றால் மெட்டாலிகா. ஆனால் கிடார் பிடித்து நாலு மாதமே ஆன ஒருவனுக்கு, அன்றைக்கே வாசித்துவிடக்கூடியதாகவும், வாசித்ததும் மயிர்க்கூச்செறிய வைப்பதாகவும் இருப்பது சபாத் மட்டும்தான். நல்ல வேளையாக இந்த ஆல்பத்தில் அயோமி தந்தியைத் தளர்த்தவில்லை. அது பின்னால், மூன்றாவது ஆல்பத்தில் வந்த பழக்கம். சாதாரண சுருதியில் இருக்கும் கிடாரிலேயே வாசிக்கலாம்.

நம்ம ஊர் கிரிப்டோஸை இந்தப் பந்தயத்தில் சேர்க்கவில்லையே என்று இங்கே உள்ளவர்கள் கோபிப்பார்கள். 1998இல் பெங்களூரில் தொடங்கி 2004இல் 'ஸ்பைரல் அசென்ட்' கொண்டுவந்த பேண்ட். இந்த மூன்றும் காதில் ஊறிய பிறகு கேட்டால், எது எங்கிருந்து வந்தது, எதை இவர்களாகவே சேர்த்தார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியும். அதனால் அது நாலாவது ஞாயிற்றுக்கு.

முதலில் சபாத், அடுத்த வாரம் மெய்டன், கை கொஞ்சம் பழகியதும் மெட்டாலிகா என்று அவனுக்குச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அந்த மூன்று ஸ்வரத்தையும் பிடித்துவிட்டான். ம2வில் விரல் நடுங்குவதற்குப் பதிலாக வழுக்கியது, பரவாயில்லை. கீழே இருந்து அப்பா மெதுவாகப் படியேறி வந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"யாருடா வாசிச்சது இது?"

"டோனி அயோமின்னு ஒருத்தர், தாத்தா. ஃபாக்டரில மெஷின்ல ரெண்டு விரல் நுனி போயிடுச்சு. அதுக்கப்புறம் வாசிச்சது."

அப்பா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எந்தக் கை?" என்றார்.

"வலது கை, தாத்தா."

"இன்னொரு தடவை வாசி."