லாரன்ஸ் புகைப்படங்களா, 1911 கணக்கெடுப்புத் தாள்களா?

நூறு வருஷத்துக்கு முந்தைய அயர்லாந்தைப் பார்க்க இணையத்தில் இலவசமாகவே இரண்டு வழிகள் உண்டு: தேசிய நூலகத்தில் இருக்கும், டப்ளினில் புகைப்பட நிலையம் நடத்திய வில்லியம் லாரன்ஸின் தொகுப்புப் படங்கள், தேசிய ஆவணக் காப்பகத்தின் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

படங்கள் பார்த்ததுமே இழுத்துவிடும். பெரும்பாலானவற்றை எடுத்தவர் லாரன்ஸிடம் வேலை பார்த்த ராபர்ட் ஃபிரெஞ்ச். கண்ணாடித் தகடுகள் (அந்தக் காலத்து நெகட்டிவ்கள்) சுமார் 40,000. ஆனால் விற்பதற்காக எடுத்தவை, அதனால் துறைமுகம், கடைத்தெரு, கோட்டை என்று அழகான பக்கமே அதிகம். விதிவிலக்கு, 1888இல் கிளேர் பகுதியில் குத்தகைக் குடும்பங்களை வெளியேற்றிய காட்சிகள். சுவரை இடிக்கக் கொண்டுவந்த மரத்தூண்கூடப் பதிவாகியிருக்கிறது.

கணக்கெடுப்புத் தாள் பார்க்க வறட்சிதான், ஆனால் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தால் விடவே மாட்டீர்கள். குடும்பத்தலைவரின் கையெழுத்து, எழுதத் தெரியாதவர் போட்ட பெருக்கல் குறி, ஐரிஷ் பேசுவாரா, வீட்டு முகப்பில் எத்தனை ஜன்னல், எல்லாம் இருக்கும். மணமான பெண்களிடம் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்றும் கேட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தை எந்தப் படமும் காட்டாது.

அதற்காக அப்படியே நம்பவும் கூடாது. 1909 முதல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் கிடைத்ததால், 1901க்கும் 1911க்கும் இடையே பலருக்குப் பத்து வருஷத்தில் பதினைந்து வயது கூடியிருக்கிறது! பழைய கணக்கெடுப்புகளைத் தேடாதீர்கள், 1922இல் டப்ளின் அரசு ஆவணக் காப்பகம் எரிந்தபோது போனதும் அரசே அழித்ததும் போக, முழுசாக மிஞ்சியதில் பழையது 1901தான்.

என் ஓட்டு தாள்களுக்கு. முதலில் ஒரு தெருவை அதில் படித்துவிட்டு, அப்புறம் அதே தெருவின் படத்தைத் தேடுங்கள்.