டெல்டா வீட்டுக்கு எந்தக் கண்ணாடி? முரானோ, செக், டேனிஷ், பிரெஞ்சு பூச்சாடிகள் ஓர் ஒப்பீடு

பழைய கலைக் கண்ணாடிப் பூச்சாடி என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது முரானோ, அதாவது இத்தாலியில் வெனிஸ் பக்கத்துத் தீவில் செய்யும் கண்ணாடி. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் புது வீடு கட்டுகிறவர்களும், தாத்தா காலத்து வீட்டைப் பழுதுபார்த்துக் குடிபோகிறவர்களும் என்னிடம் கேட்பது அதைத்தான். நான் சொல்வது வேறு: முதல் ஜாடி செக் கண்ணாடியாக இருக்கட்டும், முரானோ அப்புறம் வரட்டும். சும்மா பிடித்துப்போய்ச் சொல்லவில்லை. 1950-க்கும் 1980-க்கும் இடையில் ஐரோப்பாவில் செய்த ஜாடிகளை நம் வீட்டு வெளிச்சம், நம் தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் அடிக்கும் காற்று எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு அப்படித்தான் வருகிறது. நான் பேசுவது பூ வைக்காமல் வெறுமனே நிறுத்தினாலும் சிற்பம் மாதிரி நிற்கிற ஜாடிகளைப் பற்றி.

முரானோவின் பெருமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெனிஸ் நகரம் தீப்பிடித்துவிடுமோ என்று பயந்து 1291-இல் உலைகளையெல்லாம் இந்தத் தீவுக்கு மாற்றினார்கள். அன்று முதல் அங்கே கண்ணாடிதான் பிழைப்பு. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆசைப்படுவது சோமர்சோ வகை. ஒரு நிறக் கண்ணாடியை இன்னொரு நிறக் கண்ணாடிக் குழம்பில் முக்கி எடுத்து, கடைசியில் நிறமற்ற கண்ணாடியால் போர்த்தினால், உள்ளே நீலமும் அதைச் சுற்றிப் பச்சையும் மிதப்பது போல இருக்கும். 1950-களில் செகுசோ நிறுவனத்துக்காக ஃபிளாவியோ போலி என்ற கலைஞர் வடிவமைத்தவை இதில் உச்சம். கைக்குட்டையைத் தலைகீழாகப் பிடித்து விட்டது போன்ற ஃபட்ஸொலெட்டோ இன்னொரு புகழ்பெற்ற வடிவம். 1940-களின் கடைசியில் வெனினி பட்டறையில் பிறந்தது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படுகிற கண்ணாடிகளில் முரானோவும் ஒன்று. வெள்ளி, தங்க நிறக் காகித ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். வேனெட்டோ மாகாணம் 1994-இல் சட்டம் போட்டுத் தனி முத்திரை கொண்டுவந்தது. ஆனால் நாம் தேடுவது அதற்கு முந்தைய பொருள், அதனால் அந்த முத்திரை நமக்கு உதவாது. என் கைக்கு வந்த போலிகளில் இரண்டு நிறங்கள் சேரும் கோடு கலங்கலாக இருந்தது. நல்ல சோமர்சோவில் அந்தக் கோடு கத்தியால் கீறியது போலத் துல்லியமாக இருக்கும். விலையும் சும்மா இல்லை. கையெழுத்து உள்ள நல்ல வெனினி ஜாடி நம்மில் பலருக்கு எட்டாது. எட்டுகிற விலையில் வருவதில் பாதிக்கு மேல், யார் செய்தது என்றே தெரியாத சுற்றுலா வியாபாரச் சரக்கு.

வெளிச்சத்துக்கு வருவோம். சோமர்சோவுக்கு ஒளி பின்னாலிருந்து வர வேண்டும். முற்றம் வைத்த வீட்டில் ஒளி மேலிருந்து இறங்கும், கூடத்தின் மூலையில் மங்கிவிடும். பட்டறை விளக்கில் பளபளத்த ஜாடி, அந்த மூலையில் ஒரு கருப்பு உருண்டையாக உட்கார்ந்துவிடும். ஜன்னல் திட்டில் வைக்க இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இப்போது செக். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவில் ஓவியத்தின் மேலும் சிற்பத்தின் மேலும் அரசாங்கத்தின் கண் இருந்தது. கண்ணாடியை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. புதிதாக யோசித்தவர்கள் பலர் இந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் அவர்கள் வேலையைப் பார்த்து உலகமே வாய்பிளந்தது. இந்தக் கண்ணாடி இன்றும் தகுதிக்குக் குறைந்த விலையில் கிடைக்கிறது என்பதுதான் என் வாதத்தின் முதுகெலும்பு.

இதில் இரண்டு குடும்பம். ஒன்று, அச்சில் அழுத்திச் செய்த கண்ணாடி. ருடால்ஃப் யுர்னிக்ல், விளாதிஸ்லாவ் உர்பன், ஃபிரான்டிஷெக் விஸ்னர் போன்றவர்கள் வடிவமைத்தது. வட்டங்களும் வரிகளும் புடைத்து நிற்கும், பக்கவாட்டில் அச்சுக் கோடு தெரியும். அந்தக் கோட்டைக் குறை என்று நினைக்க வேண்டாம், செய்முறையே அது. ஒரு நடுத்தர நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குக் கொடுக்கிற பணத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். மற்றது, சூடாக இருக்கும்போதே கையால் இழுத்தும் மடித்தும் செய்தது. 1940-களின் தொடக்கத்தில் எமானுவேல் பெரானெக் தொடங்கிய ஷ்கர்ட்லோவிட்செ பட்டறையும், 1414 முதல் பெயர் சொல்லப்படுகிற கிரிப்ஸ்கா பட்டறையும் இதில் முக்கியம்.

என் கூடத்தில் இருக்கும் கிரிப்ஸ்கா ஜாடியைச் சொல்கிறேன், யோசெஃப் ஹோஸ்போட்கா பாணி. ஒரு சாண் உயரம்தான், ஆனால் ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். அடியில் இரண்டு விரல் தடிமனுக்குக் கண்ணாடி. அங்கே தேன் நிறம், மேலே போகப்போக மயில் நீலம். விளிம்பு மூன்று நாக்காக இழுபட்டிருக்கிறது. ஒரு நாக்கின் நுனியில் இடுக்கி பிடித்த பள்ளம் விரலில் தட்டுப்படும். அடியைத் திருப்பினால், செய்யும்போது ஜாடியைத் தாங்கிய கம்பியிலிருந்து பிரித்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கிய குழி. குழியைச் சுற்றி, தரையில் படுகிற வளையத்தில் மட்டும், எல்லாத் திசையிலும் ஓடும் மெல்லிய கீறல்கள். வருஷக்கணக்காக வைத்து எடுத்த பொருளுக்கு இப்படித்தான் கீறல் விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்கியதில் கீறல்கள் ஒரே திசையில் வரிசையாகப் போகும், தரையில் படாத குழிக்குள்ளும் இருக்கும். விற்கிறவரிடம் முதலில் அடிப்பாகத்தின் படத்தைக் கேளுங்கள். தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

இந்த ஜாடிகளில் கையெழுத்து பெரும்பாலும் இருக்காது. காகித லேபிள் எப்போதோ உரிந்து போயிருக்கும். அதனால்தான் ஹோஸ்போட்கா ஜாடிகளை முரானோ என்று சொல்லி இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். நல்ல வேலை ஒன்று இன்னொரு ஊரின் பெயரில் விலை போகிறது. வாங்குகிறவர் செய்த ஊரைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

டெல்டாவில் இதற்குக் கூடுதல் மதிப்பெண் போட இரண்டு காரணம். ஒன்று, தண்ணீர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. உள்ளே தள்ளிப் போனாலும் பல இடத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். நாலு நாள் தாமரை வைத்தால் ஜாடிக்குள் வெள்ளை வளையம் கட்டும். செக் ஜாடிகளில் பல அகல வாய், கையை விட்டுத் துடைக்கலாம். துளி வடிவ சோமர்சோவில் சுண்டுவிரல்கூட நுழையாது. அதற்கு வழி உண்டு: வெள்ளை வினிகர் ஊற்றி, ஒரு பிடி பச்சரிசி போட்டு மெதுவாகச் சுழற்றி, ஒரு ராத்திரி விட்டுக் கழுவினால் வளையம் கரைந்துவிடும். மணல் போடாதீர்கள், கீறிவிடும். வெந்நீரும் வேண்டாம், தடித்த கண்ணாடி சட்டென்று விரிசல் விடும். அப்படிச் செய்தும் மங்கல் போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்துவிட்டது என்று அர்த்தம். அதை மறைக்க உள்ளே எண்ணெய் தடவி விற்கிறவர்கள் உண்டு. விரல் நுழைகிற ஜாடியானால் வாங்குமுன் உள்ளே தேய்த்துப் பாருங்கள்.

இரண்டாவது, காற்று. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தில் கரையேறிய ராத்திரியை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். புயலை விடுங்கள், சாதாரண வடகிழக்குப் பருவமழையில் ஜன்னல் கதவு ஒன்று அறைந்தாலே மெல்லிய ஃபட்ஸொலெட்டோ சரியலாம். அடி கனத்த செக் ஜாடி அசையாது.

டேனிஷ் கண்ணாடியை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் குழப்பமே இல்லாத வகை அது. ஹோல்மெகார்ட் பட்டறை தொடங்கியது 1825, அதாவது டேனிஷ்காரர்கள் நம் தரங்கம்பாடியை விட்டுப் போவதற்கு இருபது வருஷம் முன்பு. 1942 முதல் அங்கே வேலை செய்த பெர் லுட்கென் வடிவமைத்த ஜாடிகள் சாம்பலும் வெளிர்நீலமுமாக, ஈரமான கூழாங்கல் வழவழப்பில் இருக்கும். 1950-களின் ஜாடிகளில் பல, அடியில் பட்டறைப் பெயர், அவர் பெயரின் முதலெழுத்துகளான PL, ஆண்டு எல்லாம் பொறித்தே வரும். போலி பயம் குறைவு. புதிதாகச் சேர்க்கிறவருக்கு இந்த ஒரு விஷயத்தில் செக்கை விட இதுவே நல்லது. ஆனால் அந்தச் சாம்பல் நிறத்துக்கு வெள்ளைச் சுவர் வேண்டும். மஞ்சள், பச்சை அடித்த சுவர், தேக்குத் தூண், தஞ்சாவூர் ஓவியம் எல்லாம் இருக்கும் கூடத்தில் அது காணாமல் போகும். பின்லாந்தின் ஆல்வார் ஆல்டோ 1936-இல் வடிவமைத்த அலை விளிம்பு ஜாடிக்கும் இதே கதை. இன்றும் அதைச் செய்கிறார்கள் என்பதால் பழசு என்று ஏமாறவும் வாய்ப்புண்டு.

பிரெஞ்சுக் கண்ணாடி நமக்குப் பக்கத்து வீட்டுச் சரக்கு. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரான்சில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீடுகளைக் காலி செய்யும்போது தோம் நிறுவனத்தின் போருக்குப் பிந்தைய கிரிஸ்டல் ஜாடி ஒன்று வெளியே வந்தால் விடாதீர்கள். நிறமே இல்லாமல், உறைந்த தண்ணீரை இழுத்து நீட்டியது போல இருக்கும். சுண்டினால் மணியோசை வரும், காரணம் அதில் கலந்த ஈயம். முற்றத்து ஒளிக்கு இதை மிஞ்சிய ஜாடி கிடையாது. ஒரே எச்சரிக்கை, நேர் வெயில் படும் இடத்தில் திரைச்சீலை, செய்தித்தாள் பக்கத்தில் வைக்காதீர்கள். தடித்த தெளிவான கண்ணாடி பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்துத் தீப்பிடிக்க வைக்கும். லாலிக் என்று யாராவது காட்டினால் பொறித்த பெயரைக் கவனியுங்கள். பெயருக்கு முன்னால் ரெனே என்பதன் முதலெழுத்து இருந்தால், 1945-இல் ரெனே லாலிக் இறப்பதற்கு முந்தைய காலம், விலை ஏறும். அந்த ஒற்றை எழுத்தைப் பின்னால் பொறித்துச் சேர்த்து ஏமாற்றுவதும் நடக்கிறது.

வாங்கும் இடம் பற்றி: நேரில் தொட்டுப் பார்க்க விரும்பினால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே இந்த நான்கு வகையும் அடிக்கடி சிக்காது, ஆனால் பழைய கண்ணாடியைக் கையில் எடுத்துப் பழக நல்ல இடம். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் கனத்துக்கே செலவு. செக் ஜாடியின் விலையை விட பார்சல் கட்டணம் கூடுவது சகஜம், அதோடு சுங்க வரியும் சேரும். ஒரே விற்பனையாளரிடம் இரண்டு மூன்றாக வாங்கினால் கட்டுப்படியாகும். பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

சில்லு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கிரிப்ஸ்கா ஜாடியின் நாக்கு நுனி உடைந்தால் தேய்த்துச் சமன் செய்துவிடுவார்கள், படத்தில் தெரியாது. நாக்குகளின் உயரத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள், நுனிகளில் நெருப்பில் உருகிய உருண்டை விளிம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று மட்டும் தட்டையாக, கூராக இருந்தால் அது வெட்டித் தேய்த்தது. வடிவம் கெடாமல் இருந்து, விற்கிறவர் தானாகவே சொல்லி, விலையைப் பாதியாக இறக்கினால் வாங்கலாம். நாம் கேட்டுத்தான் தெரிந்தது என்றால் அந்த ஆளிடம் வேறு எதையும் வாங்க வேண்டாம்.