ஓசூர் சிமுலேட்டர் மையம்: புள்ளிப் பலகைக்காகவே போகலாம்

ராயக்கோட்டை சாலையில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இயங்கும் கார் பந்தய சிமுலேட்டர் மையத்தைப் பற்றியது இது. எட்டு இருக்கைகள், மணிக்கு 250 ரூபாய். ஸ்டீயரிங்குகள் கையை நன்றாக இழுத்துப் பிடிக்கின்றன. ஓரத்தில் உள்ள இரண்டு இருக்கைகளில் மட்டும் பிரேக் மிதி தளர்ந்திருக்கிறது, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மின்சாரம் போனாலும் பந்தயம் நிற்காது, யு.பி.எஸ். வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேரும் ஓட்டும்போது ஏசி போதவில்லை. இதைவிட உயர்ந்த கருவிகள் வேண்டுமென்றால் பெங்களூரு பக்கம்தான்.

நான் போவது சனிக்கிழமை மாலை நடக்கும் லீக்குக்காக. அமெரிக்க ஸ்டாக் கார்கள் (சாலையில் ஓடும் கார்களின் தோற்றமுள்ள பந்தயக் கார்கள்), நீள்வட்டத் தடங்கள், எட்டு வாரம் ஒரு பருவம். சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வு என் வேலை. எண்கள் ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு பலகை கண்ணில் பட்டால் நின்று படிக்காமல் நகர மாட்டேன். இங்கே சுவரில் அப்படி ஒரு பலகை இருக்கிறது. இந்த மையத்தின் சிறப்பே அதுதான்.

பலகையில் இருப்பது அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1975-ல் கொண்டுவந்த பழைய புள்ளி முறை. வகுத்தவர் பாப் லாட்ஃபோர்ட். வெற்றிக்கு 175 புள்ளி. ஆறாம் இடம் வரை ஒவ்வொரு படிக்கும் ஐந்து குறையும், பதினொன்றாம் இடம் வரை நான்கு, அதன் பிறகு மூன்று. ஒரு சுற்றாவது முன்னிலை வகித்தவருக்கு ஐந்து, மிக அதிகச் சுற்றுகள் முன்னிலை வகித்தவருக்கு இன்னும் ஐந்து. நீளமான பந்தயம், குட்டையான பந்தயம் என்ற வேறுபாடு இல்லை; எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. ஓட்டுநர்கள் பெரிய பரிசுப் பணம் உள்ள ஊர்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல் எல்லாப் பந்தயங்களுக்கும் வரவேண்டும் என்பதற்கு ஏற்ற கணக்கு அது.

இந்தக் கணக்கு நம் கையையும் காலையும் எப்படி மாற்றுகிறது என்பதை சிமுலேட்டரில் மார்ட்டின்ஸ்வில் என்ற அமெரிக்கத் தடத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் விளங்கும். அரை மைலைச் சற்றே தாண்டும் தடம் அது. இரண்டு நேர்கோடுகள், இரண்டு இறுக்கமான வளைவுகள். முன்னால் போகிறவரின் பம்பரைத் தட்டினால் இடம் கிடைத்துவிடும். ஆனால் தட்டிச் சுழன்றால் எட்டாம் இடம், 142 புள்ளி. தட்டிப் பெறுவதோ ஐந்து புள்ளி. அதனால் இங்கே யாரும் கண்மூடித்தனமாக மோதுவதில்லை. புதிதாக வரும் கல்லூரிப் பிள்ளைகள்கூட இரண்டு வாரத்தில் நிதானமாகிவிடுகிறார்கள்.

மையத்தை நடத்தும் தம்பி பந்தயம் தொடங்குவதற்கு முன் ஒரு கதை சொல்வார். 1992, அட்லாண்டா, நாஸ்கார் பருவத்தின் கடைசிப் பந்தயம். பில் எலியட் வென்றார், ஆலன் குல்விக்கி இரண்டாவது. குல்விக்கி முன்னிலை வகித்தது 103 சுற்றுகள், எலியட் 102. அந்த ஒரு சுற்றால் அதிக முன்னிலைக்கான ஐந்து புள்ளி குல்விக்கிக்குப் போனது. பட்டத்தைப் பத்தே புள்ளியில் அவர் வென்றார். அந்த ஐந்து எலியட் பக்கம் போயிருந்தால் இருவரும் சமம். பருவத்தில் அதிக வெற்றி பெற்றவர் என்பதால் பட்டம் எலியட்டுக்கே. "ஒரு சுற்றையும் சும்மா விடாதீங்க அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் பச்சைக் கொடி காட்டுவார். எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது.

இனி குறை. போன பருவத்தில் எங்களில் வேகமானவர் ஐந்து வாரங்கள் வென்றார். ஒரு சனிக்கிழமை அவருக்கு இரவு ஷிப்ட், வரமுடியவில்லை. பட்டம் போய்விட்டது. இது அவருடைய துரதிர்ஷ்டம் அன்று, பலகையிலேயே உள்ள கோளாறு. கணக்கிட்டுப் பாருங்கள்: ஏழு வாரம் வென்று, ஏழு வாரமும் இரண்டு போனஸையும் வாங்கி, ஒரே வாரம் வராமல் போனவருக்கு 1295. எட்டு வாரமும் மூன்றாவதாக வந்து போனஸே வாங்காதவருக்கு 1320. முப்பது, நாற்பது கார்கள் ஓடும் களத்துக்கு எழுதிய பட்டியலில் மேல் எட்டு வரிகளை மட்டும் வெட்டி எடுத்தால் இப்படித்தான் ஆகும். கடைசி இடத்துக்கே 142 என்றால், வராத வாரம் பெரும் பள்ளம். ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த ஓசூரில் இது நியாயமே இல்லை.

நாஸ்காரும் இதே கேள்வியில் மாட்டியது. 2003-ல் மாட் கென்செத் ஒரே ஒரு பந்தயம் வென்று சாம்பியன் ஆனார். எட்டுப் பந்தயம் வென்ற ரயன் நியூமன் ஆறாவது. அடுத்த ஆண்டே கடைசிப் பத்துப் பந்தயங்களைப் பட்டத்துக்கான போட்டியாகத் தனியே பிரித்தார்கள். 2014-ல் நாக்அவுட் வந்தது: கடைசி நாளில் நான்கு பேர், அவர்களில் முன்னால் முடிப்பவருக்குப் பட்டம். தம்பி அடுத்த பருவத்துக்கு இதைத்தான் யோசிக்கிறார், கடைசிச் சனிக்கிழமை நால்வர் மோதல். கூட்டம் கூடும் என்கிறார்.

வேண்டாம் தம்பி. 2025-ல் ஃபீனிக்ஸில் நடந்த நாஸ்காரின் கடைசிப் பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க டென்னி ஹாம்லின் கையில் இருந்த பட்டம் கடைசி நேர மஞ்சள் கொடியால் (எல்லாரும் வேகம் குறைத்து ஒன்றுசேர வைக்கும் எச்சரிக்கைக் கொடி) கைல் லார்சனிடம் போனது. லார்சன் சிறந்த ஓட்டுநர், அதில் ஐயமில்லை. ஆனால் 36 பந்தயங்களின் கணக்கு ஒரு கொடிக்குள் அடங்கிவிட்டது. நாஸ்காரே 2026-க்கு அந்த ஒற்றைப் பந்தய முடிவைக் கைவிட்டு, கடைசிப் பத்துப் பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டும் முறைக்குத் திரும்பிவிட்டது. அவர்கள் விட்டதை நாம் ஏன் எடுக்கவேண்டும்?

நான் கேட்பது ஒன்றுதான். எட்டு வாரங்களில் ஒருவரின் மோசமான ஒரு வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஃபார்முலா ஒன்னில் 1990 வரை சில பந்தயங்களைக் கழித்துத்தான் கூட்டினார்கள். இது புதுமை ஒன்றும் இல்லை. அப்போது அந்த ஏழு வெற்றிக்காரரின் 1295 அப்படியே நிற்கும், மூன்றாமிடக்காரர் 1155-க்கு இறங்குவார். நிதானத்தைக் கற்றுக்கொடுக்கும் பழைய பலகையும் அழியாது, இரவு ஷிப்ட்காரரும் தோற்கமாட்டார்.

கருவிகளுக்கு மூன்று நட்சத்திரம், லீக்குக்கு ஐந்து. இடம் எட்டுப் பேருக்குத்தான். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். பஸ் நிலையத்திலிருந்து வருபவர்கள் ஷேர் ஆட்டோவில் ஏறி டயர் கடை வாசலிலேயே இறங்கலாம். படிக்கட்டு குறுகலானது, முழங்கால் வலி உள்ளவர்கள் பார்த்து ஏறவேண்டும்.