சப்பா, ஜப்பான் எஞ்சினா, சொந்த பிளாக்கா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்கா மகன் தன் டொயோட்டா டாஸை வாசலில் நிறுத்தினான். சைலன்சரிலிருந்து வந்த நீலப் புகை தெருமுனை வரை படர்ந்து நின்றது. சாவியைக் கூட எடுக்காமல் கேட்டான்: "மாமா, சப் வாங்கிப் போட்டுடலாமா? இல்ல, ஜப்பான் எஞ்சினே எடுத்துடலாமா? ரெண்டுல எது மலிவு?"

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூரை போட்டு, அதற்கு அடியில் வண்டி வேலை பார்க்கிற நம்மவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். அவன் இரண்டைச் சொன்னான்: சப் என்றால் எஞ்சினின் கீழ்ப்பாதி மட்டும், ஜப்பான் எஞ்சின் என்றால் அங்கிருந்து வரும் பழைய முழு எஞ்சின். மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. நம்மிடம் இருக்கிற பிளாக்கையே, அதாவது சிலிண்டர்கள் இருக்கிற எஞ்சின் உடம்பையே, லேத் கடைக்குக் கொண்டுபோய் ரீபோர் போடுவதுதான் அது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குகிற வேலை. மலிவு எது என்ற கேள்வி கடைசியில் வர வேண்டியது. இந்த எஞ்சின் எதனால் போனது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் எதை வாங்கினாலும், ஆறு மாதத்தில் மறுபடி அதே கூரைக்கு அடியில் நிற்போம்.

வார்த்தையைத் தெளிவாக்கிவிடுகிறேன். அமெரிக்காக்காரர்கள் ஷார்ட் பிளாக் என்று சொல்வதைத் தென்னாப்பிரிக்கக் கடைகளில் சப் அசெம்பிளி என்பார்கள், வாய்ப்பேச்சில் வெறும் சப். பிளாக், கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட், பிஸ்டன், அதைச் சுற்றியிருக்கும் ரிங், பேரிங் எல்லாம் கோத்து வரும். வால்வுகள் இருக்கிற மேல்மூடி, அதாவது ஹெட், வராது. ஆயில் பம்பும், அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பும் சில கடைகளில் சேர்த்தி, சில கடைகளில் தனி. விலை கேட்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கடை விலைக்கு நடுவில் பெரிய வித்தியாசம் தெரிந்தால், பெரும்பாலும் அது இந்த இரண்டு சாமான்களால்தான்.

அவனுடைய வண்டி டாஸ் 130. நம் டர்பனுக்குத் தெற்கே ப்ரோஸ்பெக்டன் ஆலையில் 2006 வரை செய்த கார். உள்ளே இருப்பது 2இ எஞ்சின்: 1295 சிசி, 12 வால்வு, 73 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 77.4 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்). பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இந்த வார்ப்பிரும்பு விஷயத்தை நினைவில் வையுங்கள், ரீபோர் பற்றிப் பேசும்போது அதுதான் முக்கியம்.

முதலில் கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எழுப்புகிற அழுத்தம், எவ்வளவு என்று கேஜ் வைத்துப் பார்த்தோம். நாலில் மூன்று சிலிண்டரில் 11 பார் வந்தது. மூன்றாம் நம்பர் சிலிண்டரில் மட்டும் 7. அதில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுற்றினால் முள் 10ஐத் தொட்டது. எண்ணெய் விட்டதும் அழுத்தம் ஏறினால் கசிவு ரிங் வழியாக. ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். கீழே பேரிங் சத்தம் எதுவும் இல்லை. ஆயில் லைட் சரியாக அணைந்தது. அதாவது கிராங்க் பிழைத்திருக்கிறது, ஒரு சிலிண்டர்தான் கெட்டிருக்கிறது.

சில வருஷத்துக்கு முன் என்னுடைய டாஸுக்கு வந்தது வேறு நோய். மேடு ஏறும்போது டக் டக் என்று அடிவயிற்றில் ஒரு அடி. ஒவ்வொரு பிளக் வயராக எடுத்துப் பார்த்ததில், இரண்டாவதை எடுத்ததும் சத்தம் தணிந்தது. அது ராட் பேரிங். சம்ப்பை இறக்கினால் ஆயிலில் மினுமினுப்பு, தங்கப்பொடி தூவினது போல. கிராங்கில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கீறல். அப்போது நான் சப் வாங்கினேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவனுக்கும் அதையே சொல்ல முடியாது.

ஜப்பான் எஞ்சினை முதலில் எடுத்துக்கொள்வோம், பலருடைய கண்ணும் அதன் மேல்தான். அங்கே புது காருக்கு 3 வருஷம் கழித்தும், பிறகு 2 வருஷத்துக்கு ஒருமுறையும் ஷாகென் என்ற கட்டாயச் சோதனை. அந்தச் செலவுக்குப் பயந்து நன்றாக ஓடுகிற வண்டியையே சீக்கிரம் கழித்துவிடுகிறார்கள். அந்த எஞ்சின்கள்தான் கன்டெய்னரில் நம் கைக்கு வருகின்றன. ஹெட்டோடு முழுசாக வரும், கழற்றி மாட்டினால் போதும், ஒரு வார இறுதியில் வேலை முடியும். வண்டியை வைத்துத்தான் பிழைப்பு என்கிறவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆனால் குறைந்த மைலேஜ் என்கிற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். டாஸே 2006இல் நின்றுவிட்டது. இன்று கிடைக்கிற எந்த 2இ எஞ்சினுக்கும் வயது 20ஐ நெருங்கியிருக்கும் அல்லது தாண்டியிருக்கும். கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் ரப்பர் சீலுக்கு வயது குறையாது. வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், முன்னும் பின்னும் கிராங்க் சீல், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் எஞ்சின் தரையில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். ராக்கர் கவரைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே தேன் நிறத்தில் இருந்தால் நல்லது, கறுப்புக் களிம்பு ஒட்டியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இன்னொன்று, 2இ என்றால் கார்புரேட்டர், 2இ-இ என்றால் இன்ஜெக்‌ஷன். சம்ப்பின் வடிவம், மவுண்டிங் துளை எல்லாவற்றையும் பழசோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். "இதற்குப் பதில் 4இ-எஃப்இ போடு, 1331 சிசி, 16 வால்வு, பறக்கும்" என்று யாராவது ஆசை காட்டுவார்கள். நல்ல எஞ்சின்தான். ஆனால் அது வயரிங்கும் கம்ப்யூட்டர் பெட்டியும் மாற்றுகிற வேலை, முதல்முறை எஞ்சின் இறக்குகிறவருக்கு உரியது இல்லை.

சப் போடுகிறபோது உங்கள் ஹெட் உங்களோடே இருக்கும். பலம், பலவீனம் இரண்டுமே அதுதான். கீழ்ப்பாதி புதிதாகவோ, ஒழுங்காகப் புதுப்பித்ததாகவோ வரும், அதன் அளவுகள் தெரியும். ஆனால் பேரிங் நொறுங்கிச் செத்த எஞ்சினில் உலோகத் துகள் ஆயிலோடு சேர்ந்து ஹெட்டின் ஆயில் பாதை முழுக்கப் போயிருக்கும். அந்த ஹெட்டை மேலாகத் துடைத்துப் புது சப்பின் மேல் வைப்பது, கழுவாத பாத்திரத்தில் பால் காய்ச்சுவது மாதிரி. கேம் ஷாஃப்டைக் கழற்றி, ஆயில் பாதைகளின் அடைப்பான்களை எடுத்து, கடையில் ரசாயனத் தொட்டியில் போட்டுக் கழுவித்தான் ஆக வேண்டும். எஞ்சின் சூடேறிச் செத்திருந்தால் ஹெட் வளைந்திருக்கும். எஃகு அளவுகோலை அதன் மேல் குறுக்கும் நெடுக்கும் வைத்து, ஃபீலர் கேஜ் என்கிற அளவு குறித்த மெல்லிய தகட்டை நுழைத்துப் பாருங்கள். இந்த மாதிரிச் சின்ன எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் சமன் செய்யக் கொடுத்துவிட வேண்டும். கூடவே பிரஷர் டெஸ்ட், வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

சப் பார்சலாக வந்து இறங்கினதும் அப்படியே மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் மாட்ட இருந்தேன். ஏதோ தோன்றிச் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தேன். ஆயில் உறிஞ்சுகிற வலைக்குள் பழைய சிலிக்கான் பசை சுருண்டு கிடந்தது. புதுப்பித்துக் கொடுத்தவர் பசையைத் தாராளமாகத் தடவி இறுக்கியிருக்கிறார், பிதுங்கினது உள்ளே விழுந்திருக்கிறது. அதோடு ஓட்டியிருந்தால் புது பேரிங்கும் பழைய பேரிங்கின் வழியே போயிருக்கும். அந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன்: சம்ப்பைத் திறக்காமல் எந்தச் சப்பையும் மாட்டாதீர்கள். ஒரு பேரிங் மூடியைக் கழற்றி, பிளாஸ்டிகேஜ் இழை வைத்து இறுக்கி, நசுங்கின அகலத்தைப் பார்த்து இடைவெளியைக் கணக்கிடுங்கள். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது இறுகிப் பிடித்தால் காரணம் கண்டுபிடிக்கிற வரை மேலே போகக் கூடாது.

ஹெட் போல்ட் இறங்குகிற துளைகளை ஊதிக் காய வைப்பதை மறக்க வேண்டாம். அடி மூடின துளையில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்க இறங்க அது நசுங்க இடமில்லாமல் பிளாக்கையே வெடிக்கச் செய்யும். இறுக்குகிற விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றைக் கடன் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். கை அளவில் இறுக்குகிற பழக்கம் சக்கர நட்டோடு நிற்கட்டும்.

ரீபோருக்கு வருகிறேன். இதற்குத்தான் இங்கே மதிப்புக் குறைவு, என் மனசுக்கு நெருக்கமானதும் இதுதான். வார்ப்பிரும்பு பிளாக்கில் சிலிண்டர் சுவரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடலாம். 0.50 மில்லிமீட்டர் பெரிதாக்கினால் போர் 73.5 ஆகும், எஞ்சின் 1295லிருந்து ஏறக்குறைய 1314 சிசி ஆகும். ஓட்டும்போது அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் சுவர் புத்தம் புதிது. தேய்மானம் எப்போதும் மேல் ரிங் திரும்புகிற இடத்தில்தான் அதிகம், அதனால் சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர்தான் கெட்டது என்றாலும் நாலையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும். பிஸ்டன் செட்டை முதலில் வாங்கிக் கடைக்காரர் கையில் கொடுத்த பிறகுதான் கடைய விட வேண்டும். நல்ல கடைக்காரர் பிஸ்டனை அளந்துதான் துளையைக் கடைவார். பிஸ்டன் வராமலே கடைகிறேன் என்கிறவரிடம் பிளாக்கைக் கொடுக்காதீர்கள்.

இதில் நேரம்தான் விலை. பிளாக்கை முழுக்கப் பிரித்து, கடைக்கு எடுத்துப்போய், வரிசையில் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து, ரிங் இடைவெளி ஒவ்வொன்றாகப் பார்த்துக் கோக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் வண்டி இல்லாமல் இருக்க முடியாதவர் இதில் இறங்கக் கூடாது.

பேரம் பேசும்போது யாரும் எடுத்துச் சொல்லாத ஒன்று காகித வேலை. எஞ்சின் நம்பர் அடித்திருப்பது பிளாக்கில். ஜப்பான் எஞ்சின் போட்டால் நம்பர் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். சப் போட்டாலும் பிளாக் மாறுகிறது, நம்பரும் மாறுகிறது. அப்படி மாறினால் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி, லைசென்ஸ் ஆபீஸில் பதிவைத் திருத்த வேண்டும். விற்றவரின் பில் இல்லாமல் அந்த வேலை நகராது. பழைய சாமான் விற்கிறவர் 2009ஆம் ஆண்டின் செகண்ட் ஹேண்ட் குட்ஸ் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பில் தர மறுக்கிறவரிடம் என்ன விலைக்கும் வாங்காதீர்கள், அந்த பிளாக் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? நம்பர் பொருந்தாத வண்டியை விற்கவும் சிரமம், இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல். ரீபோரில் உங்கள் பிளாக், உங்கள் நம்பர். ஒரு காகிதமும் தேவையில்லை.

உத்தரவாதமும் மூன்றில் மூன்று விதம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, கடை தன் கையால் மாட்டிக் கொடுக்கிற பாகத்துக்கும் அந்தக் கூலிக்கும் 3 மாதம் பொறுப்பேற்க வைக்கிறது. நீங்களே மாட்டினால் அந்தக் கூலிக்குப் பொறுப்பு நீங்கள்தான். வாங்கின சாமான் பழுதாக இருந்தால் 56ஆம் பிரிவு 6 மாதம் வரை கை கொடுக்கும். ஆனால் பழுது சாமானிலா, மாட்டினதிலா என்ற வாக்குவாதம் வரும். அதனால்தான் ஒவ்வொரு கட்டத்தையும் போன் கேமராவில் படம் எடுத்து வையுங்கள் என்கிறேன்: வந்த நிலை, சம்ப்பின் உள்ளே, பேரிங் அளவு, போல்ட் இறுக்கினது எல்லாம்.

இறக்கி ஏற்றுகிற உழைப்பு மூன்றுக்கும் ஒன்றுதான். எஞ்சின் கிரேன் வாடகைக்குக் கிடைக்கும். மரக்கிளையிலும் கூரைக் கம்பியிலும் செயின் பிளாக் மாட்டுவதை நம் தாத்தாக்கள் செய்தார்கள் என்பதற்காக நாம் செய்ய வேண்டியதில்லை. தொங்குகிற எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ போகவே கூடாது. கியர்பாக்ஸைத் திரும்பச் சேர்க்கும்போது அதன் பாரம் கிளட்ச் தட்டின் மேல் தொங்கக் கூடாது, தட்டு வளைந்துவிடும். முதல்முறை உயிர்ப்பிக்கும் முன் பிளக்கையெல்லாம் எடுத்துவிட்டு, ஆயில் லைட் அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். ஓடத் தொடங்கினதும் நீண்ட நேரம் ஐடிலில் விடாமல், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் சுவரோடு பொருந்தும். 500 கிலோமீட்டரில் முதல் ஆயில் மாற்றம்.

மருமகனிடம் ஹெட்டைக் கழற்றச் சொன்னேன். மூன்றாவது சிலிண்டரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, மேல் ரிங் இரண்டு துண்டு. சம்ப்பை இறக்கி ஒரு பேரிங் மூடியையும் கழற்றினோம், கிராங்க் கண்ணாடி மாதிரி இருந்தது. "கிராங்க் நல்லா இருக்கும்போது சப்புக்கு ஏன்டா காசு?" என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். வேலைக்குப் போக அக்காவின் வண்டி இருக்கிறது, மூன்று வாரம் சமாளிக்கலாம் என்றான்.

பிஸ்டன் செட் வெள்ளிக்கிழமை வந்தது. பிளாக் இப்போது ஜேக்கப்ஸ் பகுதியில் ஒரு லேத் கடையில் இருக்கிறது, புதன்கிழமை கடைகிறார்கள். ஹெட்டை அதுவரை நாங்களே பிரித்து வால்வு சீல் மாற்றிக்கொண்டிருக்கிறோம். கிரேனுக்கு அடுத்த சனிக்கிழமை சொல்லிவைத்திருக்கிறோம்.