‘வெரிஃபிகேஷனை நான் முடித்துத் தருகிறேன்’ என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்: தருமபுரியில் எனக்கு நேர்ந்தது

காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எழுத்துத் தேர்விலும் உடற்தகுதியிலும் தேறிய நான், காவல்துறையின் முன்நடத்தை விசாரணையில் (வெரிஃபிகேஷன்) நிராகரிக்கப்பட்டேன். அதற்கு ஒரு காரணம் நானே சொன்ன பொய். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்து, மேற்கொண்டு 30,000 ரூபாயும் வாங்கிக்கொண்டவர் தருமபுரி நகரில் விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைக்காரர்.

2019 மாசியில், பென்னாகரம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், வரப்பில் நிற்கும் புளியமரத்தை யார் உலுக்குவது என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாய்த்தகராறு மூண்டு கைகலப்பில் முடிந்தது. இரு தரப்பும் புகார் கொடுத்தன. இரு தரப்பின் மீதும் வழக்குப் பதிவானது. சித்தப்பா கொடுத்த புகாரில் அப்பா, அம்மா, அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் என வீட்டிலிருந்த அனைவரும் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள். அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் 294 பி (ஆபாசமாகத் திட்டுதல்), 323 (அடித்தல்), 506(1) (மிரட்டல்). நம் பக்கத்து வரப்புச் சண்டைகளில் அப்போது அச்சடித்ததுபோல் வந்தவைதான். 2021இல் ஊர்ப் பெரியவர்கள் ராஜி பேசினார்கள், சாட்சிகள் பிறழ்ந்தார்கள் (முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள்), நீதிமன்றம் எங்களை விடுவித்தது. வழக்கு அன்றோடு ஒழிந்தது என்று நம்பினோம்.

2023 ஆகஸ்டில் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 3,359 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டபோது, அந்தக் கடையில்தான் விண்ணப்பித்தேன். குற்ற வழக்கு பற்றிய கேள்வி வந்ததும் பழைய வழக்கைச் சொன்னேன். “ராஜி ஆயிடுச்சில்ல தம்பி, இல்லைன்னு போடு” என்று அவரே ‘இல்லை’யை அழுத்தினார். டிசம்பர் 10 அன்று தேர்வு எழுதினேன், 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடினேன், கயிறும் ஏறினேன். தற்காலிகத் தேர்வுப் பட்டியலில் என் எண் வந்த வாரமே அவர் தொலைபேசியில் அழைத்து, காவல்துறையின் தனிப்பிரிவில் (ஸ்பெஷல் பிராஞ்ச்) தமக்கு வேண்டியவர் இருப்பதாகவும், 30,000 கொடுத்தால் விசாரணை அறிக்கை சுத்தமாகப் போகும் என்றும் சொன்னார். அம்மா ஒரு கறவை மாட்டை விற்றுப் பணம் கொடுத்தார். பத்து ரூபாய் நகலுக்குக்கூட ஜிபே அட்டையைக் காட்டுகிற மனிதர், இந்தத் தொகையை மட்டும் ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விசாரணைக்கு வந்த காவலர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “வழக்கு ஏதாவது உண்டா தம்பி?” என்று கேட்டார். அவர் கையிலிருந்த தாளின் ஓரத்தில் 2019ஆம் ஆண்டுக் குற்ற எண் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும், கடைக்காரர் சொல்லிக்கொடுத்தபடியே “இல்லை சார்” என்றேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

நிராகரிப்பு உத்தரவில் இரண்டு காரணங்கள் இருந்தன: குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்பது ஒன்று, அதை மறைத்தார் என்பது மற்றொன்று. காவலர் நியமனத்துக்கான சார்நிலைப் பணி விதிகளின் 14ஆவது விதியை அதன்பிறகுதான் படித்தேன். சந்தேகத்தின் பலனிலோ, புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆக, எங்கள் ஊர் ராஜி குடும்பத்தைச் சேர்த்து வைத்ததே தவிர, வழக்கைத் துடைக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை உறுதியாகக் கிடைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, வழக்கின் தன்மையையும் அற்பத்தன்மையையும் எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும் என்கிறது. ஒளிக்காமல் எழுதியிருந்தால் அந்த வாதத்தை நிமிர்ந்து வைத்திருக்கலாம். மறைத்தவன் என்ற பெயரோடு இப்போது அதையே வைக்கத் தயங்கி நிற்கிறேன்.

கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வேண்டியவர் மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார். புகார் கொடுப்பேன் என்றதும், “லஞ்சம் கொடுத்தது உனக்கும் குற்றம்தானே தம்பி” என்று சிரித்தார். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் தெரிவித்தால் மட்டுமே விலக்கு. அந்த ஏழு நாளில் நான் அவரைத் தெய்வமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தனிப்பிரிவில் அப்படி ஒருவர் இருந்தாரா என்பதே எனக்கு இப்போது சந்தேகம்.

ஆகவே, விண்ணப்பிக்கும் முன் உங்கள் மீது முதல் தகவல் அறிக்கை உண்டா என்று தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். இருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால், சாட்சியைப் பிறழச் செய்வதோடு நின்றுவிடாமல், உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்ய முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்; கையில் பணமில்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. படிவத்தைக் கடையில் நிரப்பினாலும், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் உங்கள் விரலே பதில் சொல்லட்டும்.

சென்ற வாரம் சித்தப்பா மகன் அதே கடையில் வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். நாங்கள் கொடுத்த எதிர்ப்புகாரில் அவன் பெயரும் இருக்கிறது. வழக்குக்குப் பிறகு அவர்கள் வீட்டு வாசற்படியை நான் மிதித்ததில்லை. அன்று மாலை என் நிராகரிப்பு உத்தரவை எடுத்துக்கொண்டு போனேன்.