நாளுக்கு ஒரு பாடமா, ஒரே நாளில் மூன்று பாடமா?

யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் பிரிவில் படித்து மருத்துவபீடத்தைக் குறிவைக்கும் மாணவர்கள், நேர அட்டவணை விடயத்தில் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். திங்கள் பௌதிகவியல், செவ்வாய் இரசாயனவியல், புதன் உயிரியல் என்று நாளுக்கொரு பாடமாக எடுப்பவர்கள் ஒரு சாரார். நாள் தவறாமல் மூன்றையும் தொட்டுவிட வேண்டும் என்பவர்கள் மறு சாரார். பாடசாலையும் ரியூசனும் போக மிஞ்சும் நேரம் சொற்பம் என்பதால், இதை அவரவர் விருப்பம் என்று விட்டுவிட முடியாது.

நாளுக்கு ஒரு பாடம் என்ற முறைக்கு ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. சேதன இரசாயனத்தில் ஒரு சேர்வையிலிருந்து இன்னொன்றைத் தயாரிக்கும் படிமுறைகளை முதன்முறையாக விளங்கிக்கொள்ள, இடையில் எழும்பாமல் நீண்ட நேரம் இருந்தே ஆகவேண்டும். முக்கால் மணித்தியாலத்தில் கொப்பியை மூடிவிட்டு வேறு பாடத்துக்குப் போனால், மறுநாள் அதே பக்கத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டிவரும். ஆனால் இந்த அட்டவணை ரியூசன் நேரங்களோடு ஒத்துப்போவதில்லை. பௌதிகவியலுக்கு ஒதுக்கிய நாளின் மாலையில் இரசாயனவியல் வகுப்பு வைக்கப்பட்டிருக்கும், அதற்குரிய ரியூட் (வகுப்பில் தரும் பயிற்சித்தாள்) செய்யப்படாமல் கிடக்கும்.

அதைவிடப் பெரிய குறை வேறு. நாள் முழுதும் சுழற்சி இயக்கக் கணக்குகளையே செய்பவருக்குப் பத்தாவது கணக்கு தானாகவே வரும். எந்தச் சமன்பாட்டைப் பிரயோகிப்பது என்று அவர் யோசிக்க வேண்டியதே இல்லை. பரீட்சையிலோ பகுதி ஒன்றின் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம், அதாவது வினாவொன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன்தான் உண்டு. அதற்குள் அது எந்த அலகுக்குரிய வினா என்பதையும் அவரே அடையாளம் காணவேண்டும். அமெரிக்காவில் ரோரர், ரெயிலர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கனவளவுக் கணக்குகளை வகைவகையாகப் பிரித்துச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 வீதமும், கலந்து செய்தவர்கள் 60 வீதமும் சரியாகச் செய்தனர். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் முன்னவர்கள் 20 வீதத்துக்கு இறங்க, பின்னவர்கள் 63 வீதத்தில் நின்றார்கள். அந்த ஆய்வு ஒரே பாடத்துக்குள் வகைகளைக் கலப்பது பற்றியது. ஆயினும் பயிற்சியில் கிடைக்கும் இலகுவை நம்பக்கூடாது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

ஒரே நாளில் மூன்று பாடம் என்ற கட்சிக்கு இசட் புள்ளியும் (ஒருவரின் புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று காட்டும் அளவு) துணை நிற்கிறது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியே பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியோடு ஒப்பிடப்படுவதால், இரண்டில் சிறந்து ஒன்றைக் கைவிட்டவர் மருத்துவபீடத்துக்கு எட்டுவது அரிது. இருந்தாலும் மூன்றுக்கும் சரிசமமாக நேரம் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பௌதிகவியல் கணக்கு நாள்தோறும் கையால் செய்யப்பட வேண்டியது. உயிரியலோ, கொப்பியை மூடிவைத்து நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதற்கு இடம் தருவது. பருத்தித்துறையிலிருந்தோ தீவுப் பகுதியிலிருந்தோ நகரத்துக்கு வந்துபோகும் பிள்ளைகள் பஸ்ஸில் நின்றபடியே அதைச் செய்யலாம். கணக்கை அப்படிச் செய்ய இயலாது. விடியப்புறம் படிப்பதா, இரவில் விழித்திருப்பதா என்ற விவாதத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை. நித்திரை குறையாத எதுவும் சரியே.

எனவே, புதிய அலகுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், பரீட்சையை முதல் தடவை எடுக்கும் மாணவர், கிழமை நாட்களில் கலந்து படித்து, ஞாயிறு பகலை விளங்காத ஓர் அலகுக்கு முழுதாகக் கொடுப்பது பொருத்தம். இரண்டாம் தடவை எடுப்பவருக்குப் பாடசாலை இல்லாததால் பகல் முழுதும் கையில் இருக்கும். அந்த வசதியே அவரை நாளுக்கொரு பாடத்தின் பக்கம் இழுக்கிறது. பாடத்திட்டத்தை ஏற்கனவே முடித்துவிட்ட அவருக்குத்தான், கலந்து படிப்பதும் கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்வதும் கூடுதலாகத் தேவை.

பரீட்சைக்கு முந்திய வாரங்களில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். உயிரியல் இரண்டாம் பகுதியில் 4 அமைப்புக் கட்டுரைகளையும், தரப்படும் 6 கட்டுரைகளில் 4ஐயும் 3 மணித்தியாலத்தில் எழுதவேண்டும். ஒரே பாடத்தில் அவ்வளவு நேரம் இருந்து பழகாதவருக்குக் கடைசிக் கட்டுரையில் கை ஓய்ந்துவிடும். அப்போது ஒரு காலைப்பொழுதை ஒரே பாடத்தின் முழு வினாத்தாளுக்கு விட்டு, பிற்பகலில் புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது, மூன்று பாடத்தையும் தொட்டுப்போவதைவிடப் பயன் தரும்.